சுவரிடம் சொன்ன சொல்

காபி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள் தம்பி. விழா மலருக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் சொல்கிறேன். சங்கம் தொடங்கிய கதை, நான் டெல்லிக்குப் போன கதை, சட்டத்தில் எங்கள் பாஷைக்கு இடம் கிடைத்த கதை. எழுதிக்கொண்டே வாருங்கள். ஒலிபெருக்கியில் பேசுகிறாளே, அது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேட்டுவிட்டீர்கள். மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்த நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள், மைக் செட் போட வந்தவனும் காலையில் அதைத்தான் கேட்டான். "அந்தம்மா குரல் நல்லாருக்கே, நாளைக்கு மேடைக்கு வருவாங்களா?" என்றான். வர மாட்டாள் என்றேன். சரி, உங்களுக்குச் சொல்கிறேன். மலரில் போடுவதற்கு இல்லை. பேனாவை மூடி வையுங்கள்.

எங்களை லாயத்தார் என்பார்கள். எங்கள் முன்னோர் பாளையக்காரரின் லாயத்தில் குதிரை பார்த்தவர்கள். எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஓர் ஊர் சொல்வோம், அதை விடுங்கள். வரும்போது ஒரு பாஷையும் கொண்டுவந்தார்கள். அதற்கு எழுத்துக் கிடையாது. வெளியாட்கள் லாயத்துப் பேச்சு என்பார்கள். நாங்கள் வெறுமனே பேச்சு என்போம். குதிரை போய் லாரி வந்தது. இன்றைக்கு இந்தக் கரட்டூரில் எண்பது வீடு இருக்கிறோம். வீட்டுக்கு ஒரு லாரி இல்லாவிட்டாலும் இரண்டு வீட்டுக்கு ஒன்று உண்டு. பாஷைதான் போய்விட்டது.

எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்தால் மற்ற பிள்ளைகள் குதிரை மாதிரிக் கனைப்பார்கள். வாத்தியாரும் சிரிப்பார். அதோடு வாயை மூடிக்கொண்டோம். நான் என் பிள்ளைகளிடம் ஒரு நாளும் அந்தப் பேச்சில் பேசியதில்லை. எதற்கு? மூத்தவன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, இளையவன் துபாய். அவர்களுக்கு லாயத்துப் பேச்சு என்ன உபயோகம்? ஆனால் பிள்ளை வேறு, பாஷை வேறு தம்பி. பாஷை சமூகத்தின் மானம். அதற்காக உயிரையும் கொடுப்பேன். இந்த இரண்டு வரியை வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படி இருக்கும்போதுதான் டெல்லியில் அந்தச் சட்டம் வந்தது. வட்டார மொழிகளைக் காப்பதும் வளர்ப்பதும் அரசாங்கத்தின் கடமை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பட்டியலில் ஏறிவிட்டால் பள்ளியில் பாடவேளை, ரேடியோவில் நேரம், ஊருக்கு ஒரு மொழி மண்டபம். எல்லாவற்றையும்விடப் பெயர். நாட்டின் சட்டத்தில் பெயர் ஏறிவிட்டால் அப்புறம் எவன் கனைப்பான்?

மார்கழி மாதம் டெல்லிக்குப் போனேன். குளிரில் தாடை ஆடிய ஆட்டத்தில் என் பெயரே எனக்கு வாயில் வரவில்லை. ஒரு பெரிய அதிகாரி, "உங்கள் மொழியில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள், கேட்கலாம்" என்றார். எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது ஒன்றுதான். வண்டி மாட்டைப் பார்த்து என் அப்பா சொல்வது. 'நகரு சனியனே' என்று அர்த்தம். கையைக் கூப்பிக்கொண்டு அதைச் சொன்னேன். அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என்ன இனிமை!" என்றார்.

மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் சட்டத்தில் ஒரு கண்டிஷன் இருந்தது. அந்த மொழியைத் தடங்கல் இல்லாமல் பேசும் ஆள் ஒருவராவது உயிரோடு இருக்க வேண்டும். கமிட்டி நேரில் வந்து கேட்டுப் பதிவு செய்யும். பாட்டு, கதை, சடங்குச் சொல் எல்லாம் வேண்டும். ஆள் இல்லை என்றால் பாஷை செத்தது என்று எழுதி மூடிவிடுவார்கள்.

சங்கத்தைக் கூட்டினோம். தலைவர் மங்கையப்பன் நடுவில் உட்கார்ந்து, "யாருக்குப்பா முழுசாப் பேச வரும்?" என்றார்.

"எனக்கு வரும்ணே" என்று பொருளாளர் சொக்கராசு எழுந்தான். கடகடவென்று சொன்னான். அத்தனையும் கெட்ட வார்த்தை.

"கமிட்டியை இதச் சொல்லியாடா வரவேற்கிறது? உட்காரு" என்றார் தலைவர்.

"நீங்க சொல்லுங்களேன் பாப்போம்."

அவர் எண்ண ஆரம்பித்தார். ஏழோடு நின்றுவிட்டது. "ஏழுக்கு மேல எங்க வீட்டுல எதுவும் இருந்ததில்லப்பா" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. எண்பது வீட்டில் ஒரு வாய் இல்லை.

அப்போது சொக்கராசு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துச் சொன்னான். "கீழத்தெருக் கடைசி வீட்டுல பேச்சு அப்படியே இருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அவள் என் தங்கை. ஒரே வயிறுதான். ஆனால் விலக்குப் போட்ட பிறகு உறவு கிடையாது. விலக்கு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பெண் வேறு ஆளைக் கட்டிக்கொண்டு போனால் விலக்கு. அவள் கட்டிக்கொண்டது ரைஸ்மில்லில் மூட்டை தூக்கும் சூசை என்கிறவனை. யார் எவன் என்று நான் விளக்கத் தேவையில்லை, உங்களுக்கே புரியும். எங்கேயாவது ஓடிப்போயிருந்தால்கூடச் சரி. அவள் இதே ஊரில், எங்கள் கீழத்தெருக் கடைசியில், எங்கள் அப்பா அவளுக்கு முன்னமே எழுதி வைத்திருந்த வீட்டில் குடியேறினாள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

விலக்கைப் போடுவது மூத்த அண்ணன். ஊர் பார்க்க அவள் வீட்டு வாசலில் நின்று, கடைசியாக ஒரு தடவை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அதோடு அந்தப் பெயர் போய்விட்டது. அப்புறம் ஆயுசுக்கும் எங்களில் யார் வாயிலும் அது வரக்கூடாது. வந்தால் சொன்னவனுக்கும் விலக்கு. நான் இரண்டு தடவை கொப்பளித்தேன். பிற்பாடு யாரும் சந்தேகப்படக் கூடாது பாருங்கள்.

அடித்தோமா, துரத்தினோமா? ஒன்றும் இல்லை. பேச மாட்டோம், அவ்வளவுதான். அவள் பேசினாலும் காதில் விழாது. அவசரம் ஏதாவது இருந்தால் அவள் வீட்டுச் சுவரிடம் சொல்வோம். "சுவரே, நாளைக்குத் தெருவில தண்ணி வராது." அவள் காதில் விழுந்தால் விழட்டும். அவளும் சுவரிடமே பதில் சொல்வாள். யாரும் யாரோடும் பேசியதாக ஆகாது. எவ்வளவு நயமான ஏற்பாடு! வேறு ஊராக இருந்தால் வெட்டிப் போட்டிருப்பார்கள்.

அவளுக்கு மட்டும் எப்படிப் பாஷை தங்கியது என்கிறீர்களா? அந்த சூசை கற்றுக்கொண்டான் தம்பி! அவளிடமிருந்து ஒவ்வொரு சொல்லாகக் கற்றுக்கொண்டு அதிலேயே பேசினான். சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் கேட்கும். எங்கள் எண்பது வீட்டிலும் டி.வி. பேசிக்கொண்டிருக்கும். அந்த வீட்டில் மட்டும் எங்கள் பேச்சு. புருஷனும் பெண்டாட்டியும் அதில் சிரிப்பார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கும். எங்கள் பாஷையில் ஒரு வெளியாள் சிரிப்பதா?

ஒரு பெண்பிள்ளை பிறந்தது. அதற்கும் அந்தப் பேச்சுத்தான். நாலைந்து வயதில் அதற்குக் காய்ச்சல். அப்போது ஆட்டோவெல்லாம் ஏது? நான் வாசலில் லாரி கழுவிக்கொண்டிருந்தேன். அவள் ஓடிவந்து ரோட்டில் நின்றாள். "அண்ணா" என்றாள். என்னைப் பார்த்து, நேராக. "அண்ணா, பிள்ளைக்குக் கண்ணு சொருகுது, வண்டிய எடு அண்ணா." சுவரைப் பார்த்துச் சொல்லியிருந்தால் ஏதாவது வழி பார்த்திருக்கலாம். நேராகச் சொன்னதை நான் எப்படிக் கேட்க முடியும்? விதி விதிதானே. கேட்டும் கேட்காமல் இருப்பது லேசு என்று நினைக்காதீர்கள். அதற்குப் பெரிய மனக்கட்டுப்பாடு வேண்டும். நான் கழுவிக்கொண்டே இருந்தேன். சக்கரத்தை ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. அன்றைக்கு அந்த லாரியைப் போலச் சுத்தமான லாரி ஜில்லாவிலேயே இருந்திருக்காது.

சூசை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினான். சாயங்காலம் அதே தோளில் கொண்டுவந்தான். அது அதன் விதி. அவனும் பத்து வருஷம் முன்னால் மூட்டைக்கு அடியில் நெஞ்சு அடைத்துப் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு குரல்தான். ஆட்டிடமும் கோழியிடமும் அடுப்பிடமும் அதே பேச்சு. அப்படித்தான் எங்கள் பாஷை தங்கியது. ஒருவகையில் பார்த்தால் விலக்குத்தான் பாஷையைக் காப்பாற்றியிருக்கிறது. நாங்கள் அவளோடு பேசியிருந்தால் அவளும் எங்களைப் போலத் தமிழுக்கு வந்திருப்பாள். இதை யாரும் யோசிப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் போய் அவள் வீட்டுச் சுவர் முன்னால் நின்றேன். சங்கத்தில் நாலு பேர் பின்னால் நின்றார்கள். உள்ளே அம்மியில் அரைக்கிற சத்தம்.

"சுவரே, டெல்லியிலருந்து கமிட்டி வருது. பேச்சு தெரிஞ்ச ஆள் வேணும்."

அம்மிச் சத்தம் நின்றது. "சுவரே, ஊரே சேந்து கழுத்த நெரிச்ச பாஷைக்கு இப்ப என்ன கல்யாணமாம்?"

"சுவரே, சட்டத்துல எடம் கெடைக்கப் போகுது. சமூகத்தோட மானம்."

"எந்தச் சமூகம் சுவரே? எம்மக கண்ணு சொருகிக் கெடந்தப்ப லாரி கழுவுச்சே, அதுவா?"

பின்னால் சொக்கராசு செருமினான். சுவரிடம் என்ன சண்டை? அவளே மறுபடியும் பேசினாள். அப்போது குரல் வேறு மாதிரி இருந்தது.

"வந்து பேசறேன் சுவரே. ஒண்ணே ஒண்ணு வேணும்."

அவள் கேட்டது என்ன என்று புரிய எங்கள் சாவுச் சடங்கு உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்களில் ஒருவர் இறந்தால், தூக்குவதற்கு முன்னால், கூடப் பிறந்தவர் குனிந்து காதில் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு, 'குதிரை நிற்கிறது, ஏறு' என்று எங்கள் பேச்சில் சொல்ல வேண்டும். இப்படி மூன்று தடவை. சொல்லாவிட்டால் செத்தவருக்குக் குதிரை கிடைக்காது. நடந்தே போக வேண்டும், போய்ச் சேரவும் மாட்டார். அப்படி ஒரு நம்பிக்கை. இப்போது யாருக்கும் அந்தச் சொற்கள் தெரியாது. என் அப்பாவுக்கே நாங்கள் வாயை முணுமுணுவென்று அசைத்துத்தான் அனுப்பினோம்.

"எம்மகளுக்கு நாஞ்சொன்னேன்" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "எம்புருஷனுக்கும் நாஞ்சொன்னேன். எனக்குச் சொல்ல ஆளில்ல சுவரே. நாஞ்செத்தா கூடப் பொறந்தவன் வந்து எம்பேரச் சொல்லிக் கூப்பிடணும். கூப்பிட்டு அந்த வார்த்தையச் சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம்."

நான் மங்கையப்பனைப் பார்த்தேன். அவர் கண்ணைக் காட்டினார்.

"சரி சுவரே" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியம் சுவரே." சுவர்மேல் கையையும் வைத்தேன். சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது.

கமிட்டி என்று வந்தது ஒரே ஓர் அம்மா. நந்திதா என்று பெயர். மைசூர்ப் பக்கம், தமிழ் நன்றாகப் பேசுவார். பள்ளிக்கூட அறையில் நாற்காலி போட்டோம். அவள் வெளுத்த சேலையில் வந்து உட்கார்ந்தாள். தலைவர் கொண்டுவந்த சால்வையைப் பக்கத்து நாற்காலியில் போர்த்தினார். நாங்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். "சுவரே, தண்ணி இருக்கு" என்று சொக்கராசு தம்ளரைத் தரையில் வைத்தான்.

அந்த அம்மா ஆச்சரியப்பட்டார். "ஏன் யாரும் இவரைப் பார்த்துப் பேசுவதில்லை?"

எனக்கு வாயில் தானாக வந்துவிட்டது. "எங்க வழக்கம்மா. மதிப்பான பெண்களை நேருக்கு நேர் பார்த்துப் பேச மாட்டோம். மரியாதை."

அந்த அம்மா கையைக் கூப்பினார். "எவ்வளவு அழகான வழக்கம்! நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை" என்று எழுதிக்கொண்டார். அது அறிக்கையில்கூட வந்திருக்கிறது, வேண்டுமானால் மலரில் எடுத்துப் போடலாம். அவள் அதைக் கேட்டாள். வாயைத் திறந்து மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. அவளுக்குச் சடங்கு வேண்டுமே.

பேசினாள் தம்பி. காலையில் ஆரம்பித்தவள் மத்தியானம் வரை நிறுத்தவில்லை. முதலில் மழை, தானியம், உறவு முறை என்று ஒவ்வொரு சொல்லாக அந்த அம்மா கேட்க, இவள் சொல்லித் தமிழில் பொருளும் சொன்னாள். பிறகு அந்த அம்மா, "உங்கள் மனதில் இருப்பதை நீங்களாகவே பேசுங்கள், பொருளெல்லாம் நான் திரும்ப வந்து கேட்டுக்கொள்கிறேன்" என்றார். அப்புறம் பிடிக்க முடியவில்லை. சூசை செத்த பிறகு ஒரு மனுஷரின் முகத்தைப் பார்த்து அவள் பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். நடுவில் ஒரு தடவை சிரித்தாள்.

"என்னண்ணே சொல்றா?" என்று சொக்கராசு என் காதைக் கடித்தான்.

"தெரியலடா."

"நம்மளத்தான் திட்டுறாளோ?"

"திட்டுனா உனக்குத்தான் மொதல்ல புரியுமே."

கடைசியில் சடங்குச் சொல் கேட்டார். சாவுச் சொல்லைச் சொல்ல ஒரு பெயர் வேண்டும் அல்லவா? "யார் பெயரையாவது வைத்துச் சொல்லுங்கள்" என்றார் அந்த அம்மா. அவள் தன் பெயரையே வைத்தாள்.

அறையில் இருந்த எங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். துப்பிப்போட்ட பெயர். பல வருஷம் கழித்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அதுவாகவே பேசுகிறது. எழுந்து போக முடியுமா? மெஷின் ஓடுகிறது. அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். முடித்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தாள். மறுபடியும். சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி.

"போதும்மா, பதிவாகிவிட்டது" என்றார் அந்த அம்மா.

"நல்லாப் பதியட்டும்மா" என்றாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "மறதிக்காரங்க இருக்காங்க."

எனக்காகத்தான் அத்தனை மெதுவாகச் சொன்னாள். எனக்குத் தெரியாதா? நான் முட்டாள் இல்லை. அன்றைக்கே எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் சொல்வேன்.

பங்குனியில் பட்டியலில் பெயர் ஏறியது. வெடி வெடித்தோம், ஊர் முழுக்கக் கேசரி. எனக்கு மாலை. நாட்டின் சட்டம் எங்களைப் பேச்சுள்ள ஜனம் என்று ஒப்புக்கொண்டுவிட்டது. மங்கையப்பன் அழுதார், நானும் அழுதேன்.

ஆடியில் கீழத்தெருப் பக்கம் இருமல் கேட்டது. நந்திதா அம்மா போன் செய்தார். "அவர் பேசியதற்கெல்லாம் பொருள் கேட்டு எழுத வேண்டும், அடுத்த மாதம் வருகிறேன். நலமாக இருக்கிறாரா? சட்டப்படி அவரைக் கவனிக்கும் பொறுப்பு உங்கள் சங்கத்துக்கும் இருக்கிறது." நலம் என்றேன். வேறு என்ன சொல்வது? நான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாதே. சுவரிடம் போய், சுவரே, சளி எப்படி இருக்கிறது என்றா கேட்பது? நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?

அவள் செத்துக்கிடந்ததைப் பால்காரன்தான் முதலில் பார்த்துச் சத்தம் போட்டான். அவன் வெளியாள், அவனுக்கு வழக்கம் தெரியாது. பஞ்சாயத்து ஆட்கள் வந்தார்கள். நான் தெருமுனை வரை போனேன். அதுவே அதிகம். மங்கையப்பன் வந்து பக்கத்தில் நின்றார்.

"போறியா?"

"போனா என்ன?"

"போ. பேரச் சொல்லு. சொன்னா ஒனக்கும் விலக்கு. அப்புறம் மண்டபத்த எவன் திறக்கிறது?"

"சத்தியம் பண்ணிட்டேன் மாமா."

"யாருகிட்ட?"

"சுவருகிட்ட."

"அப்ப சுவர் வந்து கேக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவுத் தெருவில் நின்று சிரித்தேன் என்று நினைக்காதீர்கள், அடக்கிக்கொண்டேன். ஆனால் மனம் அப்படியே லேசாகிவிட்டது. அவர் சொன்னது சரிதானே? நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்டது சுவரிடம், சொன்னதும் சுவருக்கு. இதில் என்மேல் என்ன குற்றம்?

பஞ்சாயத்துக் குப்பை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். முகத்தில் துணி விலகியிருந்தது. காது தெரிந்தது. இப்போது நீங்கள் இருக்கும் தூரம்கூட இல்லை. வண்டி தள்ளுகிறவன் என்ன நினைத்தானோ, எனக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினான். அந்தச் சொற்கள் என் வாயில் வந்து நின்றன. முழுதாக, ஒரு தப்பில்லாமல். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். மனக்கட்டுப்பாடு என்று சொன்னேனே, அது அன்றைக்கும் கைகொடுத்தது. "போப்பா" என்றேன். அவன் போய்விட்டான்.

வாரிசு இல்லாத இடம். மண்டபத்துக்கு இடம் தேடிக்கொண்டிருந்தோம், சங்கத்தின் பெயருக்கு மாற்றிக்கொண்டோம். இடத்துக்கு விலக்குக் கிடையாது தம்பி, ஆளுக்குத்தான். பழைய வீட்டை இடித்தோம். ஒரு சுவர் மட்டும் நல்ல உறுதி, அதை அப்படியே வைத்துக்கொண்டார் மேஸ்திரி. நீங்கள் சாய்ந்திருக்கிறீர்களே, அதுதான். ஏன் நிமிர்கிறீர்கள்? வெள்ளையடித்தாகிவிட்டது, ஒட்டாது. சாய்ந்துகொள்ளுங்கள்.

நந்திதா அம்மா திரும்ப வந்தபோது நான்தான் விஷயத்தைச் சொன்னேன். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பதிவில் அவள் தானாகப் பேசியதற்கு இனி பொருள் சொல்ல ஆள் இல்லையே என்று அழுதார். எனக்கு அதில் ஒரு சங்கடமும் தெரியவில்லை. சட்டத்தில் பேச வேண்டும் என்றுதான் இருக்கிறது, புரிய வேண்டும் என்று எங்கேயும் இல்லை. நான் முழுதாகப் படித்தவன். "மண்டபத்தில் அவர் பெயரையாவது எழுதி வையுங்கள்" என்றார். "பெயர் எழுதுவது எங்க வழக்கமில்லம்மா, மரியாதை" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்தத் தடவை எழுதிக்கொள்ளவில்லை.

நாளைக்குத் திறப்பு விழா. எம்.பி. வருகிறார், பள்ளிப் பிள்ளைகள் இறைவணக்கம் மாதிரி ஒன்று எங்கள் பேச்சில் சொல்ல வேண்டும். எதைச் சொல்லிக் கொடுப்பது? எனக்கு முழுதாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அதையே கற்றுக்கொடுத்துவிட்டேன். "அது சாவுக்குச் சொல்றதாச்சேண்ணே" என்று சொக்கராசு முனகினான். யாருக்குடா தெரியப் போகிறது என்றேன். குதிரை நிற்கிறது, ஏறு. நல்ல முன்னேற்றமான வார்த்தைதானே?

கமிட்டி அனுப்பிய பதிவைத்தான் ஒலிபெருக்கியில் போடுகிறோம். அதில் பெயர் வருகிற இடங்களை மட்டும் வெட்டச் சொன்னேன். சமூகத்தின் மண்டபத்தில் அது ஒலிக்கக் கூடாது பாருங்கள். போன மாதமே டவுன் ஸ்டுடியோவில் வெட்டிக் கொடுத்தார்கள், ஆனால் அந்த நேரம் அப்படியே காலியாக நிற்கிறது. பிள்ளைகள் அதைக் கேட்டுத்தானே பழகுகிறார்கள்? அவர்களும் அந்த இடத்தில் நிறுத்துகிறார்கள். மங்கையப்பன் பேத்தி கேட்டாள், "இங்க ஏன் தாத்தா சும்மா நிக்கணும்?" நம்ம பாஷை அப்படித்தான்டா கண்ணு என்றேன். ஒப்புக்கொண்டாள். இப்போது தெருவில் விளையாடும்போதுகூட அப்படித்தான் சொல்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து, சும்மா நின்று, பிறகு குதிரை நிற்கிறது ஏறு என்று கத்திவிட்டு ஓடுகிறார்கள். பாஷை பிழைத்துவிட்டது தம்பி.

பெயரா? எந்தப் பெயர்? குரல் கொடுத்தவர் என்று ஏதாவது போட்டுத்தான் ஆக வேண்டுமா? 'குரல்: லாயத்தார் சமூகம்' என்று போடுங்கள். அதுதான் பொருத்தம்.

அதோ, ஒத்திகை ஆரம்பித்துவிட்டார்கள். பேசாமல் கேளுங்கள். இப்போது நிறுத்துவார்கள்.

கேட்டீர்களா? ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு சுத்தம்.